மீனுக்குக் காம்பு உண்டா?

உங்களை நம்புகிறோம் என்று எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறவர்களைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பெருங்களத்தூரில் மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கும் தென்புறநகர்ச் சிறுவணிகத் தகுதி மன்றத்தின் வாசலில் அப்படி ஒரு பலகை இருக்கிறது. 'உங்களை நாங்கள் முழுமையாக நம்புகிறோம். பை, செல்போன், தண்ணீர் பாட்டில், இடுப்புச் சுருக்குப்பை ஆகியவற்றை வெளியே வைத்துவிட்டு வரவும்.' பலகைக்கு மேலே ஒரு கேமரா. அந்தக் கேமராவை யாரும் கழற்றிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ள எதிர்ச்சுவரில் இன்னொரு கேமரா.

பச்சையம்மா அந்தப் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் உள்ளே போனார். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டாமல் படிப்பார். கோவளம் குப்பத்துக்காரர். விடியற்காலையில் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, லோடு ஆட்டோவில் ஏற்றி, கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் வந்து, ஏழு மணிக்கெல்லாம் இரும்புலியூர் சர்வீஸ் ரோடு முனையில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவார். பத்தொன்பது வருஷமாக இதே கதை. அதில் கடைசிப் பதினோரு வருஷம் அவரிடம் மீன் வாங்குகிறவன் நான். இந்தக் கதையில் பெரும்பகுதி அவர் மீன் வெட்டிக்கொண்டே எனக்குச் சொன்னது. அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மற்றவர்கள் சொன்னதில்தான் இருக்கிறது.

அந்த முனையில் போன வருஷம் நவீன மீன் அங்காடி ஒன்று கட்ட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு கடைகள், வெள்ளை ஓடு பதித்த மேடை, தண்ணீர்க் குழாய், மேலே மின்விசிறி. ஏழாம் எண் கடை பச்சையம்மா உட்கார்ந்திருந்த அதே இடத்தில் எழும்பியது. செங்கல் வைக்கும்போதே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இனிமேல் மழையில் நனைய வேண்டாம், போலீஸ் வண்டியைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு அறிவிப்பு வந்தது. கடை வேண்டுமென்றால் மன்றத்தின் 'மீன் விற்பனை: ஓர் அறிமுகம் (நிலை பூஜ்ஜியம்)' என்ற நான்கு நாள் படிப்பில் மாதக் கடைசிக்குள் தேர்ச்சி பெற வேண்டும். பெறாதவர்களின் கடை, பெற்றவர்களுக்குப் போகும். அங்காடி திறந்த பிறகு ரோட்டோரத்தில் யாரும் மீன் விற்கக் கூடாது.

"பத்தொம்பது வருசமா விக்கிறேன். எனக்கு இன்னாத்த அறிமுகம் பண்ணப் போறாங்கோ?" என்று என்னிடம் கேட்டார்.

"சும்மா சம்பிரதாயம்மா. உங்களுக்குத் தெரியாததா? கண்ணை மூடிக்கிட்டு எழுதிடுவீங்க" என்றேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

முதல் நாள் பயிற்றுநர் ஹேமநாத் வந்தார். முப்பது வயது இருக்கும். காதோரம் ஒரு குட்டி மைக். வகுப்பில் இருந்தது பதினெட்டுப் பேர்; மைக் இல்லாமலே கேட்கும். அதற்கு முன்னால் காப்பீட்டு முகவர்களுக்கும் அழகுக்கலை மாணவிகளுக்கும் பாடம் எடுத்தவர். எதை விற்பது என்பது முக்கியமில்லை, எழுதுவதுதான் முக்கியம் என்பது அவர் கொள்கை.

"ஒரு கேள்வியைப் பார்த்ததும் நீங்க முதல்ல என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

பச்சையம்மாதான் கையைத் தூக்கினார். "பதில் சொல்லணும் சார்."

"தப்பு!" ஹேமநாத்துக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "எல்லாரும் பண்ற அதே தப்பு. கேள்வியைப் பார்த்ததும் பதில் சொல்றவங்கதான் ஃபெயில் ஆகறாங்க. முதல்ல கேள்வியைப் பிரிக்கணும். என்ன செய்யச் சொல்றாங்கங்கற சொல்லுக்கு மஞ்சள் கலர். எதைப் பத்திங்கற சொல்லுக்கு ரோஸ். எத்தனைங்கற சொல்லுக்குப் பச்சை. பட்டியலிடுகன்னா பட்டியல் மட்டும். விளக்குகன்னா காரணம். மதிப்பிடுகன்னா ரெண்டு பக்கமும் பேசிட்டு ஒரு பக்கம் சாயணும், ஆனா சாய்ஞ்ச மாதிரி தெரியக் கூடாது."

மூன்று கலர் பேனாக்களைக் கையில் வைத்துக்கொண்டு பதினெட்டுப் பேரும் அன்று மாலை வரை கேள்விகளுக்கு வர்ணம் அடித்தார்கள். ஒரு கேள்விக்கும் பதில் எழுதவில்லை. பதில் எழுதுவது நிலை ஒன்றில் வருமாம்.

பக்கத்து நாற்காலியில் ஜெயவேலு. இரும்புலியூரின் பழைய குடும்பம். அப்பா காலத்தில் தோட்டம் துரவு எல்லாம் இருந்தது. இப்போது அந்த நிலத்தில் நாலு மாடி ஃபிளாட். இவருக்கு ஒரு ஹார்டுவேர் கடை. தின்பதைத் தவிர மீனோடு வேறு எந்த உறவும் கிடையாது.

"தம்பி, நீ இன்னாத்துக்கு இங்க வந்துக்கிற?" என்று பச்சையம்மா கேட்டார்.

"சும்மாதாங்கா. கடை குடுக்கறாங்கன்னாங்க, போட்டு வெப்போம்னு ஒரு அப்ளிகேசன் போட்டேன். கிடைச்சா கிடைக்குது."

இரண்டாம் நாள் படிக்கும் முறை. எல்லோருக்கும் ஒரு அட்டவணை கொடுத்தார்கள். மூளை மிகவும் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் அதிகாலை நான்கு முதல் ஆறு. அந்த நேரத்தில் என்ன படிப்பீர்கள் என்று நிரப்ப வேண்டும். பச்சையம்மா 'ஏலம்' என்று எழுதினார்.

ஹேமநாத் அதை அடித்துவிட்டார். "ஏலம் நம்ம பாடத்திட்டத்துல இல்லம்மா."

"மீனு அங்கதான் சார் கெடைக்கும்."

"மீன் எங்கே வேணும்னாலும் கிடைக்கட்டும். நாலு மணிக்கு நீங்க மீன் விற்பனை பத்திப் படிக்கணும்."

"அப்ப விக்கறதுக்கு மீனு?"

ஹேமநாத் மைக்கைச் சரிசெய்துகொண்டார். "இது நல்ல கேள்வி. ஆனா இது தேர்வுல வராது" என்றார்.

மூன்றாம் நாள் முழுவதும் விடைத்தாளில் பெயர் எழுதும் பயிற்சி. நான்காம் நாள் மதியம் மூன்று மணிக்கு ஒருவழியாக மீன் வந்தது. நாற்பது நிமிஷப் பாடம். அதில் இருபத்தைந்து நிமிஷம் திரையில் படம் தெரியவில்லை. தெரிந்தபோது கண்ணாடித் தொட்டியில் ஒரு தங்க மீன் வாலை ஆட்டியது. 'மீன்' என்று கீழே எழுதியிருந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டதால், மிச்சத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஹேமநாத் மைக்கைக் கழற்றினார். பாடப் புத்தகம் அச்சில் இருந்தது. இன்னும் அச்சில்தான் இருக்கிறது.

தேர்வு நாளில் வாசலிலேயே பச்சையம்மாவை நிறுத்திவிட்டார்கள். சோதனை செய்த பெண்மணி அவருடைய முழங்கைக்குக் கீழே எதையோ கண்டுபிடித்துவிட்டார். மீன் செதில். ஒன்றே ஒன்று. காலையில் அவசரமாகக் கழுவியதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"இது என்ன?"

"செதிலும்மா."

"எதனோட செதில்?"

"சங்கராது."

"தேர்வு எதைப் பத்தி?"

"மீனைப் பத்தி."

அவ்வளவுதான். பாடம் சம்பந்தப்பட்ட பொருளைத் தேர்வறைக்குள் கொண்டுவர முயன்றதாக எழுதி, செதிலை ஒரு சின்ன உறையில் போட்டு ஒட்டி, பச்சையம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தச்சுவேலைத் தேர்வுக்கு வந்த ஒருவரின் தலையில் மரத்தூள் இருந்ததற்காகப் போன மாதம் அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். 'உங்களை எச்சரிக்கையோடு விடுறோம்' என்று அந்தப் பெண்மணி பெருந்தன்மையாகச் சொன்னார்.

கேள்வித்தாள் வந்தது. பெரிய மதிப்பெண் கேள்வி ஒன்றுதான்: 'புத்தம் புதிய மீனை அடையாளம் காணும் ஐந்து வழிகளைப் பட்டியலிடுக.'

பச்சையம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். இத்தனை நாள் கழித்துத் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட்டார்களே! சொல்லிக் கொடுத்தபடி மஞ்சள், ரோஸ், பச்சை அடித்தார். பிறகு எழுதினார். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளிச்சென்று முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். செதில் சட்டென்று உதிரக் கூடாது. கடல் வாசனை வர வேண்டும், கெட்ட வாடை வரக் கூடாது.

ஐந்து முடிந்தது. ஆனால் பச்சையம்மாவின் கை ஐந்தில் நிற்கிற கை இல்லை. ஒரு கிலோ கேட்டால் ஒரு கிலோ நிறுத்துவிட்டு மேலே இரண்டு நெத்திலியோ ஒரு கைப்பிடி சென்னாகூனிப் பொடி இறாலோ போடுகிற கை. கணக்காக நிறுத்துக் கொடுத்தால் வாங்குகிறவர்கள் முகம் சுருங்கிவிடும்; கொசுறு போடாத கூடைக்கு மறுநாள் ஆள் வராது. அந்தப் பழக்கத்தில் ஆறாவதாக ஒன்றையும் எழுதிவிட்டார்: 'தலையைப் பிடித்துப் படுக்கை வசமாகத் தூக்கினால் வால் தொங்கக் கூடாது.' எழுதி முடித்து, கொடுத்தது குறைவில்லை என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

முடிவு வந்தது. பச்சையம்மாவின் பெயருக்கு நேரே 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. ஜெயவேலு நாற்பத்தொன்று வாங்கித் தேறியிருந்தார். நாற்பது எடுத்தால் போதும்.

மன்றத்தில் நேர்மைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் அலுவலர் சத்தியநாதன். அவருடைய அறைக் கதவுக்கு மூன்று பூட்டு. பச்சையம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, அரக்கு முத்திரை வைத்த உறையை மேஜை மேல் வைத்தார்.

"ஐந்து கேட்டோம். ஆறு எழுதியிருக்கீங்க. ஏன்?"

"கொசுறு சார்."

"கொசுறுன்னா?"

"கேட்டதுக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடுக்கறது சார். மனசு குளிரணும்னு."

"யார் மனசு?"

"வாங்கறவங்க மனசு."

"உங்க விடைத்தாளை வாங்கறது மதிப்பீட்டாளர். ஆக, மதிப்பீட்டாளர் மனசு குளிரணும்னு, கேட்காததை, கூடுதலா, இலவசமா குடுத்திருக்கீங்க." சத்தியநாதன் எழுதிக்கொண்டே சொன்னார். "இதுக்கு எங்க விதிப்புத்தகத்துல ஒரு பேர் இருக்கும்மா. அதை உங்க முன்னாடி சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு."

பச்சையம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஐயோ சார், லஞ்சம் எல்லாம் இல்ல சார்! எனக்குத் தெரிஞ்சத எழுதனேன்."

"அதுதான் ரெண்டாவது பிரச்சினை. எங்க விடைக்குறிப்புல அஞ்சுதான் இருக்கு. ஆறாவது உங்களுக்கு எங்கேயிருந்து கிடைச்சது? யார் குடுத்தாங்க? மூணாவது பிரச்சினை, மத்த அஞ்சும் எங்க அஞ்சோட ஒத்துப் போகல." அவர் முத்திரையை உடைத்து விடைக்குறிப்பை எடுத்து உரக்கப் படித்தார். "ஒண்ணு, மீனின் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். ரெண்டு, மீனின் தோல் பளபளப்பாக ஊதா நிறத்தில் இருக்க வேண்டும். மூணு, மீனில் புழுத் துளை இருக்கக் கூடாது. நாலு, மீன் கையில் எடுத்தால் கனமில்லாமல் இருக்க வேண்டும், கனத்தால் முற்றல். அஞ்சு, மீனை நறுக்கினால் விதை கறுத்திருக்கக் கூடாது."



"சார்," என்றார் பச்சையம்மா மெதுவாக, "இது கத்திரிக்கா சார்."

சத்தியநாதன் தாளைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "காய்கறிப் பிரிவுக்குப் போட்ட பாடத்திட்டம்தாம்மா. ஒரு பாடத்திட்டத்துக்கு அனுமதி வாங்கப் பதினாலு மாசம் ஆகுது. மீனுக்குன்னு தனியா போட்டா இன்னொரு பதினாலு மாசம். அதனால கத்திரிக்காய்னு இருந்த இடத்துல எல்லாம் மீன்னு மாத்திக்கிட்டோம். பேரை மாத்தலாம், அதுக்கு அனுமதி தேவையில்ல. பதிலை மாத்த முடியாது."

"மீனுக்கு ஏது சார் காம்பு?"

"நாங்க மீனை மதிப்பிடலம்மா. உங்களை மதிப்பிடுறோம்."

வெளியே வந்தபோது ஜெயவேலு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார், சான்றிதழில் ஒட்டப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "தம்பி, நீ இன்னா எழுதன?" என்று பச்சையம்மா கேட்டார்.

ஜெயவேலுவுக்குக் கொஞ்சம் வெட்கம். "எனக்கு மீனைப் பத்தி என்னாக்கா தெரியும்? எங்கப்பா அந்தக் காலத்துல கத்திரிக்கா போடுவாரு. நல்ல கத்திரிக்கா எப்டி இருக்கும்னு தெரியும். மீனும் கிட்டத்தட்ட அப்டித்தான இருக்கும்னு காம்பு, தோலு, புழுன்னு மூணு எழுதி வுட்டேன். அப்புறம் ஒண்ணும் தோணல. பாஸ்னுட்டாங்க."

பச்சையம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனார். அங்கே முதன்மை மதிப்பீட்டாளர் வேதசிரோமணி. மன்றத்தின் தலை அவர்தான். வழுக்கை, தங்க பிரேம் கண்ணாடி, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் இருக்கும் கதவைப் பார்த்துப் பேசுகிற வழக்கம்.

"சார், என் பதில் சரியா தப்பான்னு எந்தக் குப்பத்துல வேணா கேட்டுப் பாருங்க சார்" என்றார் பச்சையம்மா.

"சரியா தப்பாங்கறது இங்க பிரச்சினையே இல்லம்மா" என்றார் வேதசிரோமணி. "தப்பா இருந்தா சுலபம், பூஜ்ஜியம் போட்டுட்டுப் போயிடுவோம். சரியா இருக்கறதுதான் கவலையா இருக்கு. நாங்க சொல்லிக் குடுக்காத சரி உங்ககிட்ட எப்படி வந்தது? இப்படி ஆளாளுக்குத் தனியா சரியா இருந்துட்டா எங்க படிப்புக்கு என்ன மரியாதை? இருபத்திரெண்டு வருஷமா நான் விடைத்தாள் திருத்தறேன். ஒரு தடவைகூட விடைக்குறிப்பைத் தாண்டி யோசிச்சதில்ல. அந்த ஒழுக்கம் இருக்கறதாலதான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்." பிறகு மனம் இரங்கினார். "ஒரு வாய்ப்பு தரேன். இருபத்தெட்டாம் தேதி மறுதேர்வு. அதே கேள்வி."

அடுத்த எட்டு நாளும் பச்சையம்மா கத்திரிக்காயை மனப்பாடம் செய்தார். சத்தியநாதன் படித்துக் காட்டிய ஐந்தும் அவருக்கு ஒரே தடவையில் மண்டையில் ஏறியிருந்தது. ஏலத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்தும் விலையை நினைவில் வைக்கிற மண்டை அது. ஆனால் வாய்க்கு வர மறுத்தது. லோடு ஆட்டோவில், கேளம்பாக்கம் சிக்னலில், வலையில் மீன் பிரிக்கும்போது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மீனின் காம்பு பச்சையாக, மீனின் தோல் ஊதா நிறத்தில்.

அவர் கணவர் பாலு பயந்துவிட்டார். "இன்னாமே ஆச்சு உனக்கு? மீனுக்குக் காம்புன்னுகினு கீற? யாரான செய்வினை கீது வெச்சிட்டாங்களா?"

"கம்முனு கெட. கடை வாணுமா வாணாவா?"

"வேணாம்னா சொன்னேன்? குப்பத்துல யாரு காதுலயாவது வுழப் போவுது. மானம் போயிரும். மெதுவா சொல்லு."

பாலு சொன்னதும் நியாயம்தான். ஏழு வயதிலிருந்து மீனைத் தொட்டு வளர்ந்த ஒரு பெண், மீனை நறுக்கினால் விதை இருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிவது எவ்வளவு கேவலம்! எழுதும்போது கை கூசியது என்று என்னிடம் சொன்னார். பெற்ற பிள்ளையை யாருடையதோ என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்ததாம். இருந்தாலும் எழுதினார். ஐந்து. ஐந்தே ஐந்து. ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல்.

முடிவு: நூற்றுக்கு நூறு. பக்கத்தில் சிவப்பு மையில் 'ஐயத்திற்குரியது, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

மறுபடியும் மூன்று பூட்டு அறை. சத்தியநாதன் இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"போன தடவை ஒண்ணுகூட ஒத்துப் போகல. இந்தத் தடவை எல்லாமே ஒத்துப் போகுது. நடுவுல என்ன நடந்தது?"

"படிச்சேன் சார்."

"படிச்சா இப்படி வராதும்மா. இந்த மன்றம் ஆரம்பிச்சதுலேர்ந்து படிச்சு யாரும் நூறு வாங்கினதில்ல. ஜெயவேலு தாளைப் பாருங்க. மூணு எழுதியிருக்கார், ரெண்டு விட்டிருக்கார், நடுவுல ஒரு இடத்துல பேனா கசிஞ்சிருக்கு. இதுதான் இயல்பான விடைத்தாள். இதைப் பார்த்தா ஒரு நம்பிக்கை வருது. உங்க தாளைப் பார்த்தா விடைக்குறிப்பையே பார்க்கற மாதிரி இருக்கு. உங்களுக்கு இது எப்படிக் கிடைச்சது?"

"நீங்கதான சார் படிச்சிக் காட்டுனீங்க? இதே ரூம்ல, இதே சேர்ல குந்திகினு."

சத்தியநாதன் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். "ஆக, விடைக்குறிப்பு கசிஞ்சிருக்கு. அதுவும் நேர்மைப் பிரிவு அறையிலேர்ந்து." குரலில் உண்மையான அதிர்ச்சி. "இதை விடக் கூடாது."

விடவும் இல்லை. அன்று மாலையே தம்மேல் தாமே விசாரணைக்கு உத்தரவிட்டார். தமக்குத் தாமே கடிதம் எழுதி, தம்மிடம் விளக்கம் கேட்டு, தம் விளக்கத்தைத் தாமே பரிசீலித்தார். மூன்றாம் நாள் தம்மேல் தவறில்லை என்று கண்டுபிடித்தார். காது கொடுத்துக் கேட்டவர்மேல்தான் தவறு என்றது அறிக்கை. பச்சையம்மாவின் தேர்வு ரத்து. ஒரு வருஷத்துக்கு மறுபடி எழுத முடியாது. அந்தச் செதில் உறையையும் கோப்பில் சேர்த்து நூலால் கட்டினார்கள்.

மாதம் முடிந்தது. ஏழாம் எண் கடை ஜெயவேலுவுக்குப் போயிற்று.

திறப்பு விழாவில் வேதசிரோமணி பேசினார். நானும் வேலைமெனக்கெட்டுப் போய்க் கேட்டேன். "இனி இந்தப் பகுதி மக்கள் கண்ணை மூடிக்கொண்டு மீன் வாங்கலாம். இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் எங்களால் மதிப்பிடப்பட்டவர்கள்" என்றார். பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். அதில் நாலு பேர்தான் மீன்காரர்கள். பச்சையம்மா கூட்டத்துக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெறுங்கையோடு நின்றிருந்தார். நான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "வவுறு எரியுது சார்" என்றார்.

ஜெயவேலு கெட்ட மனிதர் இல்லை. கடை கிடைத்த நாலாம் நாள் கோவளத்துக்கே போய்விட்டார். "அக்கா, எனக்கு வஞ்சரத்துக்கும் சீலாவுக்கும் வித்தியாசம் தெரியல. நேத்து ஒருத்தர் வந்து கெழங்கா இருக்கான்னு கேட்டாரு, காய்கறிக் கடை அந்தப் பக்கம்னு அனுப்பிட்டேன். அதுவும் ஒரு மீனாமே. நீ வந்து கடையில குந்துக்கா. ஏலம் எடுக்கறது, விக்கறது எல்லாம் நீதான். நான் கல்லால இருக்கேன். தினக்கூலி குடுத்துடறேன்."

பச்சையம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று பாலு சொன்னார். தன் இடத்தில் தானே கூலிக்கு உட்காருவதா? ஆனால் ரோட்டில் உட்கார விட மாட்டார்கள். ஒரு வாரமாக வருமானம் இல்லை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஏழாம் எண் கடையில் வந்து உட்கார்ந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஜெயவேலுவின் சான்றிதழும் புகைப்படமும் தொங்கின.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சங்கரா வாங்கிக்கொண்டிருந்தேன். கூட்டம். அப்போது கையில் துணிப்பையோடு ஒருவர் பின்பக்கமாக வந்தார். தொப்பி போட்டிருந்தார். தங்க பிரேம் கண்ணாடியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. வேதசிரோமணி.

முதல் கடையிலிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். எந்தக் கடையிலும் நிற்கவில்லை. சட்டத்தில் இருக்கும் போட்டோவைப் பார்ப்பார், உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பார், இரண்டும் ஒரே முகமாக இருந்தால் சட்டென்று நகர்ந்துவிடுவார். ஏழாம் கடைக்கு வந்தவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். முகத்தில் நிம்மதி.

"ஏம்மா, இந்தச் சர்டிபிகேட் உங்களுது இல்லையே?"

"இல்ல சார். அவரு டீ குடிக்கப் போயிக்கிறாரு."

"நல்லதாப் போச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் வர்றதுக்குள்ள நீங்களே பார்த்து ரெண்டு கிலோ வஞ்சரம் குடுத்துடுங்க. பொண்ணு பார்க்க வந்திருக்காங்க வீட்டுக்கு. நல்லதா இருக்கணும். பாஸ் பண்ணவங்ககிட்ட வாங்க எனக்குத் தைரியம் இல்லம்மா. அவங்களை எல்லாம் பாஸ் பண்ணது நான்தான்."

அன்று மன்றத்தில் இந்த முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்தே பேசியிருந்ததால் யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பச்சையம்மாவுக்குத் தெரிந்தது. கத்தியைப் பலகையில் வைத்தார். அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். திட்டப் போகிறார், இன்றைக்கு இந்த மனிதர் தொலைந்தார் என்று எனக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

திட்டவில்லை. "அவரு வரட்டும் சார்" என்றார். "சர்டிபிகேட்டு இல்லாதவங்க மீனை எடுத்துக் குடுக்கக் கூடாது. ரூலு."

"பரவாயில்லம்மா, யாரும் பார்க்கல."

"கேமரா கீது சார்."

வேதசிரோமணி நிமிர்ந்தார். இருந்தது. எதிரே இன்னொன்றும் இருந்தது. அவர் திரும்பிப் போவதற்குள் ஜெயவேலு வாயைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "சார்! நீங்களா! எல்லாரும் வாங்கப்பா, எனக்குப் பாஸ் போட்ட சார் வந்துக்கிறாரு! இருங்க சார், உங்களுக்கு நானே என் கையால எடுத்துத் தரேன்."

அங்காடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஓடவும் முடியாது. ஜெயவேலு மேடை மேல் குனிந்து, ஒவ்வொரு மீனாகத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டி, தலையை ஆட்டி, கடைசியில் பெரியதாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டார். அது அன்று விடியற்காலையில் பச்சையம்மா பார்த்துப் பார்த்து ஏலம் எடுத்த மீன். அந்த மேடையில் இருந்த எல்லாமே முதல்தரம். கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்தாலும் நல்ல மீன்தான். அது எனக்குத் தெரியும், பச்சையம்மாவுக்குத் தெரியும். வேதசிரோமணிக்கு மட்டும் தெரியாது. ஜெயவேலுவுக்கும்தான்.

பையை வாங்கிக்கொண்ட வேதசிரோமணிக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. ஜெயவேலு அடுத்த ஆளிடம் திரும்பிய நேரம் பார்த்து, மேடைக்குப் பக்கத்தில் சாய்ந்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார். "ஏம்மா, உங்களைப் பார்த்தா அனுபவம் உள்ளவங்களாத் தெரியுது. உண்மையைச் சொல்லுங்க. மீன் நல்லா இருக்கா?"

பச்சையம்மா அவரை நேராகப் பார்த்தார்.

"எனக்கு எப்டி சார் தெரியும்? நீங்கதான என்னிய பெயிலாக்குனீங்க."